குளிர்த் தொப்பியும் மஞ்சள் துணியும்

இதில் உறுதிசெய்யப்பட்ட செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். ஒவ்வொன்றும் நான் கண்ணால் கண்டதாகவோ, அன்றன்றே என் குறிப்பேட்டில் எழுதியதாகவோ, அக்காவுக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டி அவர்கள் ஒப்புக்கொண்டதாகவோ இருக்கும். இம்மூன்றிலும் அடங்காதவற்றை நீக்கிவிட்டேன். நீக்கியவற்றுள் சில கேட்பதற்கு இனிமையானவை.

இக்கட்டுப்பாட்டுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது என் தொழில். இருபத்து நான்கு ஆண்டுகளாக மலேசியாவின் ஈப்போவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சாட்சி 'பார்த்ததுபோல் இருந்தது' என்றால் நானும் அப்படியே பெயர்க்க வேண்டும். 'பார்த்தேன்' என்று அதைச் செப்பம் செய்தால் ஒருவன் சிறைக்குப் போகலாம். இரண்டாவது காரணம், இதைப் படிக்கும் யாரோ ஒருத்தி நாளை தன் தலையைப் பற்றி ஒரு முடிவை எடுக்க வேண்டியவளாக இருக்கலாம். அவளிடம் ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை, குறைத்துச் சொல்லவும் உரிமையில்லை.

சென்ற ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியானது. அறுவை சிகிச்சை முடிந்தது; அந்த நாள்களில் வெளியூர்ப் பணி என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறையென ஆறு முறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். அந்த மருந்தினால் தலைமுடி உதிரும் என்றும் சொன்னார். அறையில் இருந்தவர்கள் நானும் அக்காவும் மட்டுமே. அக்கா உடனே கேட்டது நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அன்று. என் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு என்னடி சொல்றது?" என்று கேட்டாள்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஆயர் தாவார் என்னும் சிற்றூரில் அக்காவின் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய பின் அதன் குலை வெட்டியவர். எங்கள் அம்மா இதே நோயால் இறந்தார். இரண்டாம் சிகிச்சைக்குப் பின் ஒரு காலை, அம்மா தலை சீவும்போது சீப்போடு ஒரு கற்றை முடி வந்தது. அப்பா அதைப் பார்த்தார். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனவர், இருட்டிய பிறகுதான் திரும்பினார். அன்றிலிருந்து அம்மா இறக்கும்வரை, அவருக்கு நேரெதிரே அப்பா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. மருந்து வாங்கி வந்தார், கஞ்சி வைத்தார், துணி துவைத்தார். எல்லாவற்றையும் பக்கவாட்டில் நின்றே செய்தார். அம்மா அதைக் கவனித்தார் என்பது எங்களுக்குத் தெரியும், ஏனெனில் ஒருமுறை அக்காவிடம் அதைச் சொன்னார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஈப்போவில் நான் வசிக்கும் குனோங் ராபாட்டிலிருந்து காரோட்டிச் சென்று அக்காவின் வீட்டில் நண்பகல் உணவு உண்பது என் வழக்கம். சாப்பாட்டு மேசையில் எனக்கு நேரெதிரே அப்பா உட்காருவார். அந்த இருக்கையை அவர் விட்டுவிடக் கூடாது. ஆறு சிகிச்சையும் முடிந்து, 'முடிந்துவிட்டது' என்று என் வாயால் சொல்லும் நாள்வரை அவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று முடிவுசெய்தேன். செயற்கை முடியையும் தலைத்துணியையும் அவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்; இரண்டையும் அம்மா அணிந்திருக்கிறார். ஆகவே என் முடியே என் தலையில் இருந்தாக வேண்டும். அழகுக்காகவும் அதை வைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதையும் மறைக்கவில்லை.

குளிர்த் தொப்பியைப் பற்றி முதலில் சொன்னவர் சிகிச்சைப் பிரிவின் தாதி. தாப்பாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கிறித்துவத் தமிழர், என்னைவிட இளையவர். தலையோட்டின் தோலைக் கடுமையாகக் குளிர்வித்தால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், முடியின் வேர்களுக்குச் சென்று சேரும் மருந்து குறையும், அதனால் உதிர்வும் குறையலாம் என்று விளக்கினார். 'குறையலாம்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னதால் அவரை நம்பினேன். சிலருக்குப் பெரும்பகுதி தங்கும், சிலருக்குப் பாதி, சிலருக்கு எதுவுமே தங்குவதில்லை என்றார். நான் எந்த வகை என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாதாம்.

"மொத கால் மணி நேரந்தான்க்கா கஷ்டம். அதுலதான் பாதிப் பேரு கழட்டச் சொல்லிடுவாங்க. அதத் தாண்டிட்டா மரத்துப் போயிடும்லா."

தாண்டுவேன் என்றேன்.

முதல் சிகிச்சை நாளன்று விடியும் முன்பே அக்கா என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள்; அன்று விடுப்பு எடுத்திருந்தாள். கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருந்தது. தலையைக் குளிர்விக்கப் போகிறார்கள் என்பது மட்டும் அவள் மனத்தில் பதிந்திருந்தது. தலை குளிர வேண்டுமென்றால் எங்கள் குடும்பத்தில் அறிந்தது எண்ணெய் ஒன்றுதான். காய்ச்சல் தணிந்த பின்னும், தேர்வுக்கு முன்னும், வெயிலில் அலைந்து வந்த நாளிலும் அம்மா செய்தது அது. தடுக்கத் தோன்றவில்லை எனக்கும். உச்சியில் ஊற்றி, வேர்வரை அழுந்தத் தேய்த்து, இறுக்கப் பின்னி, வழிந்ததைக் கழுத்தில் துடைத்து என்னை அழைத்துச் சென்றாள்.

தாதி பின்னலைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"அக்கா, இது தலையா, வட சுட்ட சட்டியா?"

தொப்பி தோலோடு ஒட்டிப் பதிய வேண்டும்; முடி தூய்மையாகவும் சற்றே ஈரமாகவும் இருக்க வேண்டும்; நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கலாகாது. இது எனக்குக் கொடுக்கப்பட்ட தாளில் அச்சிடப்பட்டிருந்தது. வழக்குத் தாள்களில் ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் தவறவிடாத நான் அந்த வரியைப் படித்திருந்தேன். படித்தும் தலையைக் குனிந்து கொடுத்திருந்தேன். பிரிவின் பின்புறக் கழுவுதொட்டியில் மென்மையான சவர்க்காரத்தால் மூன்று முறை அலசினார்கள். மருந்து ஏறுவது அன்று ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. அக்கா ஒரு மூலையில், மடியில் எண்ணெய்ப் புட்டியோடு, நீதிமன்றத்தில் சான்றுப்பொருளைக் காப்பவளைப்போல் உட்கார்ந்திருந்தாள்.

பின்பு தொப்பி வந்தது. உள்ளே குழாய்கள் சுருண்டு ஓட, குளிர்ந்த நீர்மம் அவற்றில் சுழலும். அதன் மேல் இறுக்குவதற்கு ஓர் உறை, தாடையில் ஒரு வார். நெற்றியில் மெல்லிய பஞ்சுத்துணி வைத்தார்கள். பொறியை இயக்கினார்கள்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி என் குறிப்பேட்டில் உள்ளவை இவை: முதல் இரண்டு நிமிடம், பொறுக்கலாம். நான்காம் நிமிடம், பனிக்கட்டியை விழுங்கியபின் நெற்றியில் குத்துமே, அந்தக் குத்து, ஆனால் தலை முழுவதும். ஏழாம் நிமிடம், பல் கிட்டியது. ஒன்பதாம் நிமிடம் முதல் எழுதவில்லை. எழுதாத அந்நேரத்தில் என்ன செய்தேன் என்பது நினைவில் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறுவோர் சொல்லும் உறுதிமொழியை மலாயில் சொன்னேன், தமிழில் பெயர்த்தேன், பிறகு ஆங்கிலத்தில். மீண்டும் மலாயில். இத்தனை ஆண்டில் அந்த உறுதிமொழி எனக்காக வேலை செய்தது அன்றுதான். பன்னிரண்டாம் சுற்றில் வலி இருக்கும் இடம் தெரியாமல் போயிற்று. மரத்துவிட்டது.

"தாண்டிட்டீங்க," என்றார் தாதி.

மருந்து ஏறும் முன் அரைமணி, ஏறும் நேரம் முழுவதும், ஏறி முடிந்தபின் ஒன்றரை மணி எனத் தொப்பி தலையிலேயே இருந்தது. இரண்டு போர்வை, அக்கா குடுவையில் கொண்டுவந்த இஞ்சித் தேநீர். முடிந்ததும் உடனே கழற்றக் கூடாது. உறைந்த முடி தொப்பியோடு வந்துவிடும். பனி இளகும்வரை காத்திருந்து மெல்ல உரித்தார்கள்.

மூன்றாம் வாரத்தில் முடி உதிரத் தொடங்கியது. உதிரும் என்று சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு இருமுறை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசல், அகன்ற பல் சீப்பு, இறுக்கிக் கட்டாத தளர்ந்த கொண்டை என விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்தேன். உதிர்ந்தவற்றை எறியவில்லை. ஒவ்வொரு வாரத்து முடியையும் ஒரு பழுப்பு உறையிலிட்டு, வாரத்தின் எண்ணை மேலே எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். ஏன் என்று அக்கா கேட்டாள். எவ்வளவு போயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். உச்சியில் வகிடு அகன்றது. வகிட்டை இடப்பக்கம் மாற்றினேன். காதுகளுக்கு மேலே மெலிந்தது; அங்கிருந்த முடியைத் தாழ்த்தி விட்டேன்.

ஞாயிறுதோறும் அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்தார். அடுத்த வீட்டுக்காரர் வேலி நகர்த்தியது, முழங்கால் வலி, குரங்குகள் பப்பாளியைக் கொண்டுபோனது எனப் பேச்சு போகும். ஒரு ஞாயிறு, மின்விசிறிக் காற்றில் என் முடி ஒன்று பறந்து இரசக் கிண்ணத்தில் விழுந்தது. நீண்ட முடி. மூவரும் பார்த்தோம். அக்கா கரண்டியால் அதை எடுத்துக்கொண்டே, "என்னுதுதாம்பா, காலையிலேருந்து கொட்டிக்கிட்டே இருக்கு," என்றாள். வயதானால் கொட்டத்தான் செய்யும், சமைக்கும்போது துணி கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு அப்பா இரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான்காம் சிகிச்சைக்கு முன் தொப்பியை நிறுத்திவிடலாமா என்று எண்ணினேன். பாதிக்குச் சற்றுக் குறைவாக இழந்திருந்தேன். மருந்தின் சோர்வோடு குளிரையும் சுமப்பது ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போயிற்று. தொப்பியைக் கண்டதுமே குமட்டியது. நிறுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பலர் நிறுத்தியிருக்கிறார்கள் என்றார் தாதி. அவர் என்னைத் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பார்த்தேன். எதிரே ஒரு வெற்று நாற்காலி தெரிந்தது.

"மாட்டுங்க," என்றேன்.

ஐந்தாம் சிகிச்சைக்கு அடுத்த ஞாயிறு நடந்ததற்கு மூவரும் சாட்சி.

அக்கா வீட்டுச் சாமிப் படங்களின் அடியில், விளக்குக்குப் பின்னால், ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. நேர்த்திக்கடன் நேர்ந்துகொள்வோர் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமியிடம் வைப்பது வழக்கம். நேர்ந்தது நிறைவேறியதும் கோயிலுக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்ப்பார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா கவனித்திருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, யாருக்காக முடிந்தது என்று கேட்டார்.

இரசத்தில் விழுந்த முடிக்குப் பொய் சொன்ன அக்காவால் சாமி முன்னால் வைத்த காசுக்குப் பொய் சொல்ல இயலவில்லை. எங்களில் யாராலும் இயலாது. அப்படிச் சொன்னால் நேர்ந்தது பலிக்காது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதை மறந்து, நடுவீட்டில், அப்பா நாள்தோறும் கும்பிடும் இடத்திலேயே அவள் முடிச்சை வைத்திருந்தாள்.

"தங்கச்சிக்குப்பா," என்றாள்.

என்ன நேர்ந்தாய் என்று அவர் கேட்டார். குணமானால் தங்கைக்கு மொட்டை போடுவதாகத் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன் என்று அக்கா சொன்னாள். என் முடியைக் காக்க நான் மூன்று மாதமாகப் பனியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தவள் அதே முடியை மாரியம்மனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். வகிட்டைப் பார்த்தார்.

"எத்தன முடிஞ்சுச்சு?"

"அஞ்சு."

"இன்னும்?"

"ஒண்ணுப்பா."

அவர் தட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். கை கழுவினார். பின்வாசல் வழியாக வெளியே போனார். அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் விட்டுப்போன தட்டையும் நாற்காலியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தானே எல்லாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. மாலை நான் புறப்படும்வரை அவர் வீட்டுக்குள் வரவில்லை.

ஆறாம் சிகிச்சைக்குத் தொப்பி தேவையா என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். மறைப்பதற்கு இனி யாரும் இல்லையே என்ற பொருளில் கேட்டாள். தேவை என்றேன். தொடங்கியதைக் கடைசிக்கு முந்தைய முறையில் விடுவதற்கு நான் உடன்படவில்லை. அதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அன்று காலை அக்காவின் காரிலிருந்து அப்பாவும் இறங்கினார். திருமணத்துக்கு அணியும் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சிகிச்சைப் பிரிவில் எனக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். தொப்பியைப் பொருத்தி, வாரை இறுக்கி, பொறியை இயக்கினார்கள். நான் கண்ணை மூடி உறுதிமொழியைத் தொடங்கினேன். தரையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுவந்து, மருந்துக் கம்பத்தைச் சுற்றி, எனக்கு நேரெதிரே போட்டார். உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பனி இளகித் தொப்பி கழலும்வரை அங்கேயே இருந்தார்.

இடையில் தாதியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தலைக்குப் போற மருந்த இது தடுக்குதுன்னா, அங்க நோவு ஒளிஞ்சிருந்தா என்னம்மா செய்வீங்க?"

நான்கு மாதத்தில் நான் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட முதல் கேள்வி அதுதான். ஆனால் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. என் வகை நோயில் அப்படி நேர்வது மிக அரிது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அறவே நேராது என்று அவரும் சொல்லவில்லை என்றார் தாதி. அப்பா தலையசைத்தார். அந்த விடை அவருக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சொன்னார்.

மிஞ்சியது நேர்த்திக்கடன். சிகிச்சைகள் முடிந்து, எடுத்த சோதனைகளில் நோயின் அறிகுறி இல்லை என்று மருத்துவர் சொன்னதும் அக்கா கோயிலுக்கு நாள் பார்த்தாள். நான் முடியைத் தர மாட்டேன் என்றேன். மொட்டைக்குப் பதிலாகப் பூமுடியாக மூன்று கற்றையாவது கொடு என்றாள். அதுவும் மாட்டேன் என்றேன். இழுப்பறையில் வைத்திருக்கும் உறைகளைக் கொடுத்துவிடலாமா, அதுவும் உன் முடிதானே என்று அவள் கேட்டபோது, தலையிலிருந்து உதிர்ந்ததைச் சாமிக்குக் கொடுப்பது வாடிய பூவைச் சாத்துவதுபோல் என்று அப்பா அதையும் தள்ளினார். இரண்டு வாரம் அக்காவும் நானும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. இறுதியில் ஒரு ஞாயிறு, அப்பா தம் இருக்கையிலிருந்தே சொன்னார்:

"அடுத்த வீட்டு ஆட்டக் காட்டி நேந்துக்கிட்டு, இப்ப ஆடு வரமாட்டேங்குதுன்னு அழுவுற. ஆட்டக் கேட்டியா மொதல்ல?"

அக்கா சிரிக்கவில்லை. பாத்திரங்களை அடுக்கி முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"நேந்தது நான். வாய் என்னுது. தலையும் என்னுதாவே இருக்கட்டும்," என்றாள்.

செம்பனைகளுக்கு நடுவே இன்னும் பூசை நடக்கும் அந்தக் கோயிலுக்கு நான்தான் காரோட்டினேன். இடுப்பைத் தொடும் அவளுடைய முடி பதினைந்து நிமிடத்தில் இறங்கியது. மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு காரில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பித் தன்னைப் பார்த்தாள். காது இவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லவே இல்லையே என்றாள்.

ஆயர் தாவாரில் எங்கள் வீட்டு நோயைப் பற்றி அதற்குள் ஊர் அரைகுறையாக அறிந்திருந்தது. அடுத்த நாள் முதல் எல்லாரும் அக்காவிடமே நலம் கேட்டார்கள். சந்தையில் மீன் விற்கும் சீனப் பெண்மணி நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, அவள் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உடன் வேலை செய்வோர் பெரிய பானைகளை அவளைத் தூக்கவிடவில்லை. அவள் யாரையும் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நோவு ஒனக்கு, மரியாத எனக்கு. விடுடி, முடி மொளைக்கிறவரைக்கும் இருக்கட்டும்."

அவளுடைய முடி இப்போது காதின் மேல்நுனியைத் தொடுகிறது. என்னுடையது வகிட்டின் இருபுறமும் குட்டையாகப் புதிதாக எழுந்து நிற்கிறது. பழைய முடி அதன் மேல் படிந்திருக்கிறது. உறைகள் இன்னும் இழுப்பறையில் இருக்கின்றன. நான் பணிக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிறுதோறும் அப்பா எனக்கு எதிரே உட்காருகிறார்.

இனி, தெரியாதவை. தொப்பி இல்லாமலிருந்தால் என் முடி முழுவதும் போயிருக்குமா என்பது தெரியாது. ஒருவருக்கு ஒரு தலைதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. முதல் நாள் தலையில் எஞ்சியிருந்திருக்கக்கூடிய எண்ணெய், உச்சியில் உதிர்ந்ததற்குக் காரணமா என்பது தெரியாது. மஞ்சள் முடிச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று அவரிடம் இருமுறை கேட்டேன். காசு முடிந்திருந்தது, கேட்டேன் என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நோய் திரும்ப வருமா என்பது மருத்துவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.